சியூ-லியனின் சிவப்பு வால்கள்

சீஜின் தீவு, காவ்ஷியுங்
1988 அக்டோபர் 9

கொழுந்தனாருக்கு,

ஸூ-சின் அண்ணி எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என்னைத் திட்டாதே. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே பள்ளிக்கூடம் என்னைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது, அது உனக்கே தெரியும்.

நீ கப்பல் ஏறிய மறுநாளே உன் மீன் தொட்டி எங்கள் கஞ்சிக் கடைக்கு வந்துவிட்டது. முதலில் மீன்களைச் சட்டியில் கொண்டுவந்து, அப்புறம் கண்ணாடித் தொட்டியை உன் அண்ணன் தோளில் தூக்கி வந்தார். வழியெல்லாம் புலம்பல். "தம்பி கடலுக்குப் போறான், அவன் குளம் என் தலையில." சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறோம். கப்பி மீன்கள் எல்லாம் சுகம். நீலக்கோடு போட்ட பொடிமீன்களும் சுகம். அடியில் மேய்கிற மீசைக் கெளுத்திகள் மட்டும் என் மாமியார் சாயலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகின்றன.

இந்த ஊரில் கப்பியை மயில்மீன் என்கிறார்களே, அது சும்மா சொன்னது இல்லை. அந்தச் சிவப்பு வாலை விரித்துக்கொண்டு ஆண்கள் எல்லாம் பெண்கள் பின்னாலேயே அலைகிறார்கள். சம்பளம் வாங்கிக் கரை இறங்கின மாலுமிகளைப் பார்த்த மாதிரி இருக்கிறது. காலையில் பால்மீன் கஞ்சி குடிக்க வருகிறவர்கள் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டே தொட்டி முன்னால் நிற்கிறார்கள். படகோட்டி ஆ-தியென் நேற்றுச் சொல்கிறார், "மீனைப் பாத்துக்கிட்டே மீன் தின்ன ஒரு மாதிரியா இருக்கு அக்கா." "அப்ப கண்ணை மூடிக்கிட்டுத் தின்னு, காசை மட்டும் கண்ணைத் திறந்து குடு"ன்னேன்.

இன்னொரு சேதி. பனிக்கட்டி விற்கிற வூ வீட்டில் ஒரு தங்கை இருக்கிறாள். புருஷன் இல்லை. கை வேலைக்காரி. உன்னைப் பற்றி விசாரித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நல்லவன், கொஞ்சம் ஊமை என்று மட்டும் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

ஸூ-சின்


போர்ட் லூயி துறைமுகம்
1988 டிசம்பர் 2

அண்ணிக்கு,

நாங்கள் பிடித்த சூரை மீனை ஏற்றிக்கொள்ள வந்த பெரிய கப்பலில் உங்கள் கடிதம் வந்தது. நான் நலம். அண்ணனிடம் சொல்லுங்கள்.

தொட்டியைப் பற்றி. தண்ணீரை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். வாரம் ஒரு தடவை கால் பங்கு போதும். குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தீனி ஒரு சிட்டிகை. வடிகட்டிப் பஞ்சு கறுத்துப்போனாலும் குழாயில் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைத்துவிடுங்கள். வேறு நிறக் கப்பி எதையும் உள்ளே விடாதீர்கள்.

இதை எல்லாம் நேரிலும் சொன்னேன். மறுபடி எழுதக் காரணம் இருக்கிறது. அந்தச் சிவப்பு வால்கள் கடையில் வாங்கியவை இல்லை. நாங்கள் கல்யாணம் செய்து குடிவந்த வருடத்திலிருந்து சியூ-லியன் ஒவ்வொரு ஈற்றிலும் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து வந்த வம்சம். வாலில் மிளகளவு கறுப்பு தெரிந்தாலும் அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். அவள் கை பட்டவற்றில் இன்னும் அசைகிறது அது ஒன்றுதான். அது இருந்தால் நான் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது. இல்லையென்றால் கப்பல் போதும் எனக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன பயணத்தில் நான் கடலில் இருந்தபோது நீங்கள் எழுதினீர்கள். "உன் பெண்டாட்டி இளைத்துக் கொடியாகிவிட்டாள், நீ வந்து பார்த்தால் வேறு யாரோ என்று நினைத்துக் கை கூப்பிக் கும்பிடுவாய்" என்று. நான் அதைப் படித்துச் சிரித்தேன். எஞ்சின் அறையில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினேன். அவர்களும் சிரித்தார்கள். அப்போது அவள் வயிற்றில் கட்டி பழுத்துக்கொண்டிருந்தது. அடுத்து எனக்கு வந்தது ரேடியோ செய்தி. நான் கரைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அதனால் மீனைப் பற்றி எழுதும்போது வேடிக்கை வேண்டாம். செத்தால் செத்தது என்று எழுதுங்கள்.

வூ வீட்டுப் பேச்சு வேண்டாம்.

ஹாய்-ஷெங்


சீஜின் தீவு
1989 பிப்ரவரி 12

ஹாய்-ஷெங்,

செத்தால் செத்தது என்று எழுதச் சொன்னாய். செத்துவிட்டன.

இந்த ஒரு வரியை எழுத ஐந்து தாளைக் கிழித்தேன். இனி நடந்ததை எழுதுகிறேன். ஊடே வாய் தவறி ஏதாவது வேடிக்கையாக வந்தால் என் கை அப்படிப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள். உள்ளே வேடிக்கை எதுவும் இல்லை.

புது வருஷத்துக்கு முன்னால் வீடு முழுக்கக் கழுவுவோமே, அந்தக் கழுவல். ஜன்னல், அடுப்பு, அண்டா, சாமி மாடம், கூரையில் தொங்குகிற ஒட்டடை. எல்லாம் பளபளவென்று ஆன பிறகு பார்க்கிறேன், தொட்டியில் அந்தப் பஞ்சு மட்டும் கறேலென்று சாக்கடை மாதிரி இருக்கிறது. நீ சொன்னது மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை. நீ சொன்னது சாதாரண நாளுக்கு என்று நினைத்தேன். வருஷம் பிறக்கும்போது வீட்டில் ஒரு மூலையிலாவது அழுக்கு இருக்கலாமா? போன வருஷம் நம் வீட்டில் நடந்தது போதாதா? அதை எல்லாம் கழுவி வெளியே தள்ளுகிற மாதிரி நினைத்துக்கொண்டுதான் அந்தப் பஞ்சைக் குழாயடியில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. கூழாங்கல்லையும் விடவில்லை. உன் அண்ணன்கூட, "புதுத் தொட்டி மாதிரி இருக்கு"ன்னார்.

வருஷப் பிறப்புக்கு முதல் நாள் விருந்துக்கு உட்கார்ந்தபோது தண்ணீர் அரிசி களைந்த மாதிரி வெளுத்திருந்தது. மறுநாள் காலை கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. வால் ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரை மாற்ற வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது. வாளியை எடுத்தேன். உன் அண்ணன் வாசலை மறித்து நிற்கிறார்.

"இன்னிக்கு ஒரு சொட்டுத் தண்ணி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது."

"மீன் சாகுதுங்க."

"வர்ற அதிர்ஷ்டத்தை வாசல்ல கொட்டிட்டு, வருஷம் முழுக்க நாம சாகணுமா? போன வருஷம் ஒருத்தியைக் கொடுத்தது போதும்."

அவர் குரல் உடைந்துவிட்டது. அப்புறம் நான் சண்டை போடவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. கொட்டத்தானே கூடாது, மொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கஞ்சி அண்டாவில், குண்டானில், பூப்போட்ட சூப்புக் கிண்ணங்களில், கடைசியில் உன் அண்ணன் கால் அலம்புகிற பேசினில் எல்லாம் நிரப்பினேன். வாழ்த்துச் சொல்ல ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை, நாற்காலியில் எல்லாம் கிண்ணம். குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். கேன் காலியானதும் போச்சு. கடை எல்லாம் மூடிக் கிடந்தது.

செத்ததையும் அன்றைக்கு வெளியே போடக் கூடாது. ஒரு கிண்ணத்தில் வைத்து, மேலே தட்டு மூடி, குளிர்பெட்டியில் இனிப்புப் பணியாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். குப்பையை வெளியே போடலாம் என்கிற ஐந்தாம் நாள் உன் அண்ணன்தான் கொண்டுபோய்க் கடற்கரை மணலில் புதைத்தார். என்னை வர வேண்டாம் என்றார்.

மீதி இருப்பது மீசைக் கெளுத்திகளும் ஒரே ஒரு பெண் கப்பியும். முதுகு வளைந்த கிழவி. ஆண் ஒன்றுகூட இல்லை.

இப்போது என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

அண்ணி


சீஜின் தீவு
1989 மார்ச் 5

ஹாய்-ஷெங்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கப்பல் எங்கே நிற்கிறதோ, என் கடிதம் எந்த மூட்டைக்கு அடியில் கிடக்கிறதோ. கோபத்தில் எழுதவில்லையா, கடிதமே கிடைக்கவில்லையா, அதுவும் தெரியவில்லை.

அந்தக் கிழவி இன்னும் இருக்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு தன் நிழலையே பார்க்கிறாள். கஞ்சி குடிக்க வருகிறவர்கள் இப்போது தொட்டி முன்னால் நிற்பதில்லை. ஆ-தியென் மட்டும் நின்றுவிட்டு, "ஒத்தைல விட்டா இதுவும் போயிரும் அக்கா"ன்னார். இவளும் போனால் உனக்கு என்னவென்று எழுதுவேன்?

அதனால் அக்கரைக்குப் படகேறிப் போய், வண்ணமீன் கடையில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வந்துவிட்டேன். வேறு நிறம் விடாதே என்று நீ எழுதியது தெரியும், ஆனால் சிவப்பு கிடைக்கவில்லை. இருந்ததில் திடமாக இருந்த ஒரு நீல வால். நல்ல வாட்டசாட்டம். உள்ளே விட்டதும் கிழவி முதலில் செடிக்குப் பின்னால் ஒளிந்தாள். மறுநாள் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் திரிகின்றன. பார் தம்பி, முதுகு வளைந்தவளுக்கே மனசு வந்துவிட்டது. உனக்கு முதுகு நேராகத்தானே இருக்கிறது?

இதைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழித்தால் வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அண்ணி


கடலில், போர்ட் லூயி போகும் கப்பலில் கொடுத்தது
1989 ஏப்ரல் 2

அண்ணிக்கு,

பிப்ரவரிக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

அண்ணன் மீது தப்பில்லை. அன்றைக்கு வாசலில் ஒரு ஆறே கொட்டியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. பஞ்சைக் கழுவியபோதே முடிந்துவிட்டது. அந்த அழுக்கில்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது. மீன் கழிவதை அதுதான் தின்று தண்ணீரைத் தண்ணீராக வைத்திருக்கிறது. நீங்கள் அழுக்கைக் கழுவவில்லை, காவலைக் கழுவிவிட்டீர்கள்.

மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கடைசி வரிகளை மறுபடி படித்தேன். ஒரு பெண் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

கவனமாகப் படியுங்கள். எந்த ஆணையும் உள்ளே விடாதீர்கள். பெண் கப்பி ஒரு தடவை சேர்ந்தால் போதும், அந்த ஆணின் வித்தை வயிற்றில் பல மாதம் வைத்திருக்கும். ஆண் செத்துப்போனாலும் அதன் குஞ்சுகளை மாதாமாதம் ஈனும். அது வயதானதாக இருந்தாலும் இன்னும் ஓரிரு ஈற்று இருக்கலாம். எல்லாம் சிவப்பாகவே வரும். நிறையச் செடி போடுங்கள், தாயே குஞ்சைத் தின்னும். கெளுத்திகளை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

வேறு ஆணை மட்டும் விடாதீர்கள். புதிதாக வந்தவனின் வித்துத்தான் முதலில் எழும்.

இந்தக் கடிதம் சீக்கிரம் சேர வேண்டும் என்று மாலுமி ஒருவனிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஹாய்-ஷெங்


சீஜின் தீவு
1989 ஏப்ரல் 30

ஹாய்-ஷெங்,

உன் கடிதம் வந்தது. கடையில் ஆள் நிறைந்திருந்தது. படித்துவிட்டுக் கரண்டியோடு தொட்டிக்கு ஓடினேன். நீல வாலைப் பிடித்து ஊறுகாய் ஜாடியில் போட்டேன். போட்ட பிறகுதான் புரிந்தது, இனி அதை எங்கே போட்டால் என்ன?

ஏனென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே கிழவி ஈன்றுவிட்டாள். செடிக்கு நடுவே கண்ணும் வாலுமாக, கொசுப் புழு மாதிரி. நான் சந்தோஷத்தில் பட்டாசு வெடிக்கலாமா என்றுகூட உன் அண்ணனைக் கேட்டேன். எது யாருடைய குஞ்சு என்று அப்போது எனக்கு என்ன தெரியும்? அவற்றை வேறு தொட்டியில் மாற்றி வைத்திருக்கிறேன். எல்லாம் சாம்பல் நிறம். நிறம் ஏற இரண்டு மூன்று மாதம் ஆகும் என்கிறார் கடைக்காரர். முன்னால் இருந்தவனுடையதும் புதியவனுடையதும் ஒரே ஈற்றில் கலந்து வருவதும் உண்டாம். அதைத்தான் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

கிழவி ஈன்ற மூன்றாம் நாள் போய்விட்டாள். இனி ஈற்று கிடையாது. இருப்பது இவைதான்.

என் மார்ச் கடிதம் இந்நேரம் உன் கையில் இருக்கும். அதில் முதுகைப் பற்றி நான் எழுதிய வரியை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கேட்டுவிடுகிறேன். போன பயணத்தில் உண்மையை எழுதவில்லை என்கிறாய். சியூ-லியன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, சிரிக்கிற மாதிரி எழுதுங்க, இல்லன்னா அவர் வலையோட கடல்ல குதிச்சிருவார்"னு சொல்லச் சொல்ல எழுதினேன். கொடி என்று எழுதச் சொன்னது அவள்தான். அவள் சொன்னதை மறுக்க உன்னால் முடிந்திருக்குமா? நான் நாலு வருஷம் ஒரே சமையலறையில் அவளோடு நின்றவள். என்னால் முடியவில்லை. உண்மையை எழுதியிருந்தால் நீ எப்படி வந்திருப்பாய்? கடலைப் பிளந்துகொண்டா?

இதை எல்லாம் உன்னிடம் சண்டை போட எழுதவில்லை. போடுகிறேன் போலத்தான் இருக்கிறது.

அண்ணி


கேப் டவுன் துறைமுகம்
1989 ஜூன் 20

அண்ணிக்கு,

மார்ச் கடிதமும் ஏப்ரல் கடிதமும் ஒரே கட்டாக வந்தன. மார்ச் கடிதத்தை முதலில் பிரித்துவிட்டேன். மாப்பிள்ளை, முதுகு என்று இருந்த இடம்வரை படித்தேன். மற்றதைப் பிரிக்காமல் ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கடலில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை.

அவள் சொல்லித்தான் எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இடம் மாறியிருக்கிறது. இனி யார்மீது வைப்பது என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. கேப்டன் இப்போதே கேட்கிறார், யார் இறங்குகிறீர்கள், யார் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று. உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன் என்றேன். "மனைவி கடுதாசியா?"ன்னார். "அண்ணி கடுதாசி"ன்னேன். ஒரு மாதிரி பார்த்தார்.

ஒன்றாவது சிவப்பாக இருந்தால் நான் ஊருக்கு வருகிறேன். ஒரே ஒரு ஆண் போதும். அதன் தங்கைகளோடு விட்டால் மூன்றாம் ஈற்றில் வம்சத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம். அவள் அப்படித்தான் செய்தாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு நான் அங்கே இருக்க வேண்டும், உங்களால் முடியாது.

எல்லாம் நீலம் என்றால் கையெழுத்து வைத்துவிடுவேன்.

உள்ளதை எழுதுங்கள். அது போதும்.

ஹாய்-ஷெங்


சீஜின் தீவு
1989 ஜூலை 28

ஹாய்-ஷெங்,

எல்லாம் நீலம்.

ஒன்றே ஒன்று மட்டும் வெகுநாள் வெளிறிக் கிடந்தது. அடிவாலில் லேசாகச் செம்மண் மாதிரி தெரிந்தது. கடையை ஆ-தியென் மனைவியிடம் விட்டுவிட்டு, அந்த ஒன்றுக்காகத் தினமும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் இந்தப் பதில் இவ்வளவு தாமதம். போன வாரம் அதற்கும் வால் விரிந்தது. அதுவும் நீலம். நான் பார்த்த செம்மண், சாமி மாடத்துச் சிவப்பு விளக்கின் வெளிச்சம்.

கடைக்காரரையும் கூட்டிவந்து காட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பன் ஜாடை அப்படியே"ன்னார். நான் அவரை ஏசி அனுப்பினேன். அவர் என்ன செய்வார்?

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

"சிவப்புன்னு எழுதிரு."

"என்னது?"

"ஒண்ணு சிவப்புன்னு எழுது. வந்து இறங்கட்டும். இறங்கினப்புறம் பாத்தா என்ன செய்வான், நீந்தியா திரும்பப் போவான்? ரெண்டு நாள் கத்துவான். அப்புறம் சாப்பிடுவான், தூங்குவான். நம்ம கண்ணு முன்னால இருப்பான்."

"பொய்யா?"

"உனக்கு என்ன புதுசா? ஊரெல்லாம் கதை விடுறவதானே."

"விடுறவதான். இவன்கிட்ட மட்டும் முடியாது."

"எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் படகு திரும்புமோ திரும்பாதோ. ஒரு எழுத்துல அவனைக் கொண்டாந்துடலாம். மாட்டேங்கிறே."

அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை. கடையில் "உப்பு" என்றால் உப்பை நகர்த்துகிறார், அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஹாய்-ஷெங். சிவப்பு என்று எழுதினால் நீ வருவாய். துறைக்கு வந்து நானே உன் பையை வாங்கிக்கொள்வேன். எழுதிப் பார்த்தேன்கூட. 'ஒன்று சிவப்பு' என்று எழுதினேன். எழுத்து நேராக, அழகாக வந்தது. எனக்கு எப்போதும் அப்படி வராது. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நீ இதைப் படித்து எஞ்சின் அறையில் சிரிப்பாய், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் படித்துக் காட்டுவாய் என்று நினைத்தேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

எல்லாம் நீலம். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. உன் அண்ணனும் நானும் நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதுவும் உண்மைதான். அதற்கு நிறம் கிடையாது.

ஸூ-சின்


கேப் டவுன் துறைமுகம்
1989 செப்டம்பர் 14

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. முந்தாநாள் கையெழுத்து வைத்துவிட்டேன். இரண்டு வருடம். அடுத்த வாரம் தெற்கே போகிறோம். அங்கே கடல் மோசம் என்கிறார்கள். அண்ணனிடம் அந்த வரியை மட்டும் படிக்காதீர்கள்.

அண்ணனோடு பேச்சில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே முதலில் பேசுங்கள். அவர் பேச மாட்டார், சின்ன வயதிலும் அப்படித்தான்.

நீல மீன்களை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமானால் கொடுத்துவிடுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தேன். 'எல்லாம் நீலம்' என்று எடுத்த எடுப்பிலேயே இருந்தது. நம்பினேன். எத்தனையோ நாளாக எந்த எழுத்தையும் நான் அப்படி நம்பியதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். ரேடியோவில் எனக்கு வந்தது 'மனைவி காலமானார், அமைதியான முடிவு' என்று மட்டும். ஊருக்கு வந்த பிறகும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் அமைதி, அமைதி என்பார்கள் என்று தெரியும். நீங்கள் அன்று அவள் பக்கத்தில் இருந்தீர்கள். அவள் எப்படிப் போனாள்? என்னைப் பற்றிக் கேட்டாளா?

மீன்களைப் பற்றி எழுதினீர்களே, அதே மாதிரி எழுதுங்கள்.

ஹாய்-ஷெங்


சீஜின் தீவு
1989 அக்டோபர் 22

ஹாய்-ஷெங்,

உன் அண்ணனோடு பேச்சு வந்துவிட்டது. நீ கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். எழுந்து போய்த் துறையில் நின்றுவிட்டு இருட்டும்போது வந்தார். "சோறு இருக்கா?"ன்னார். இருக்கிறது என்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

போவதற்குப் பத்து நாளைக்கு முன்னாலிருந்தே அவள் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். படகில் படுக்கவைத்துத்தான் தீவுக்குக் கொண்டுவந்தோம். அவளை எங்கள் வீட்டு முன்னறையில் படுக்க வைத்திருந்தேன். வலி இருந்தது. அமைதி என்று எழுதினது பொய். ராத்திரியில் துணியை வாயில் கவ்விக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். ஊசி போட்ட பிறகு கொஞ்சம் தூங்குவாள். உடம்பெல்லாம் மஞ்சள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. என்னை அதைப் பார்க்கவிட மாட்டாள், போர்வையைப் பிடித்துக்கொள்வாள்.

உன்னைப் பற்றி அதற்கு முந்தின வாரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பல் எங்கே, குளிரா, கடுதாசி வந்ததா என்று. கடைசி நாள் கேட்கவில்லை. அன்று உன் பெயரை அவள் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதத் தோன்றுகிறது. எழுதவில்லை. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அது மத்தியானம். வெளியே நல்ல வெயில். கண் விழித்துத் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். நகம் வளர்ந்திருந்தது. "அக்கா, வெட்டி விடுங்க, அசிங்கமா இருக்கு"ன்னா. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டு வந்து, நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே, "நீங்க வெட்டுறது மீனுக்குச் செதில் சீவுற மாதிரி இருக்கு"ன்னா. "மீன் இவ்வளவு பேசாது"ன்னேன். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

வலது கையை முடித்தேன். இடது கையில் கட்டை விரலில் ஆரம்பித்தேன். மூச்சு நீளமாக இருந்தது, பிறகு நடுநடுவே விட்டுவிட்டு வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்பிவிடக் கூடாதே என்று மெதுவாக வெட்டினேன். சுண்டு விரலுக்கு வந்தபோது அந்தக் கை கனத்தது. நிமிர்ந்து பார்த்தேன். முடிந்திருந்தது. எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அண்ணனைக் கூப்பிடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். சுண்டு விரல் நகம் மட்டும் பாக்கி. வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். நகவெட்டியை விரலுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோனேன். இனி நான் எப்படி வெட்டினாலும் அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று தோன்றியது. வெட்டவில்லை. அந்த ஒரு நகத்தோடுதான் அவளை அனுப்பினோம்.

ஸூ-சின்